ஆளில்லா அவையிலும் அறம் வழுவாதவர்: சுவாமி இராமகிருஷ்ணானந்தர்

சமயத்தைப் பரப்புவோர் பலர். சமயமாகவே வாழ்ந்து காட்டுவோர் சிலர். மேடையில் நின்று அறத்தை எடுத்துரைப்பது அரிய கலைதான். எனினும் மேடை விளக்கு அணைந்து, கூட்டம் கலைந்து, கைதட்டிய கரங்களெல்லாம் தத்தம் இல்லம் சென்ற பின்னர், அதே அறத்தைத் தன் அறையின் தனிமையிலும் கைக்கொண்டு ஒழுகுவதே தொண்டரின் உண்மை உரைகல்லாகும். அந்த உரைகல்லில் மாற்றுக் குறையாத பொன்னாக மிளிர்ந்தவர், வங்கத்தில் பிறந்து தமிழ் மண்ணில் தம்மைக் கரைத்துக்கொண்ட தவச்செல்வர் சுவாமி இராமகிருஷ்ணானந்தர். சசி மகராஜ் என்று அன்பர்கள் அன்புடன் அழைத்த அப்பெருமகனாரின் வாழ்வு, ஆலயத் தொண்டிலும் சமயப் பணியிலும் ஈடுபட்டிருக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்கதாகும்.

பிறப்பும் இளமையும்

வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த இச்சாபூர் என்னும் சிற்றூரில், 1863ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சசிபூஷணன். தந்தையார் ஈசுவரசந்திர சக்கரவர்த்தி அம்பிகை வழிபாட்டில் ஆழ்ந்து தோய்ந்தவர். பூசை மணியின் ஓசையும் மலர்களின் மணமும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்த சிறுவனின் உள்ளத்தில், வழிபாடு என்பது மூச்சு விடுவதைப் போல இயல்பாகப் படிந்தது.

கல்வியில் சசி முதன்மை மாணவராகத் திகழ்ந்தார். கல்கத்தாவில் கல்லூரியில் சேர்ந்து கணிதத்திலும் வடமொழியிலும் தேர்ச்சி பெற்றார். அக்காலத்து வங்க இளைஞர்கள் பலரைப் போலவே அவரும் பிரம்ம சமாஜத்தின்பால் ஈர்க்கப்பட்டார். 1883ஆம் ஆண்டு, பின்னாளில் சுவாமி சாரதானந்தர் என்று போற்றப்பட்ட தம் உறவினர் சரத்துடன் தட்சிணேசுவரம் சென்றார். அங்கே பகவான் ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சரைக் கண்டார். அந்தச் சந்திப்பு அவருடைய வாழ்வின் திசையையே மாற்றியது.

1885ஆம் ஆண்டில் பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயால் துன்புறலானார். காசிப்பூர்த் தோட்ட வீட்டில் இளஞ்சீடர்கள் முறைவைத்துப் பணிவிடை செய்தனர். சசிக்கோ முறை என்பதே இருக்கவில்லை. பகல், இரவு என்னும் பேதமின்றி அவர் குருவின் படுக்கையருகே இருந்தார். பட்டப் படிப்பின் இறுதித் தேர்வு நெருங்கி வந்தது. தேர்வா, குருவின் சேவையா என்ற வினாவுக்கு அவர் தயக்கமின்றி விடை கண்டார். கல்வியால் வரக்கூடிய பதவியையும் பொருளையும் ஒதுக்கிவிட்டுச் சேவையைத் தேர்ந்துகொண்டார். 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் பரமஹம்சர் மகாசமாதி எய்தினார். சசியின் சேவையோ அன்றுடன் முடியவில்லை. அது வேறொரு வடிவத்தில் தொடங்கியது.

மடத்தின் அன்னை

குருவின் மறைவுக்குப் பின் இளந்துறவியர் வராகநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் கூடினர். அதுவே முதல் இராமகிருஷ்ண மடம். உண்ண உணவில்லாத நாள்களும் அங்கே உண்டு. உடுக்க மாற்றுடை இல்லாத நிலையும் உண்டு. துறவு ஏற்றபோது, குருவின் பெயரையே தாம் சூடிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நரேந்திரருக்கு இருந்தது. எனினும் அப்பெயருக்குத் தம்மினும் தகுதி வாய்ந்தவர் சசியே என்று கருதி, இராமகிருஷ்ணானந்தர் என்னும் பெயரை அவருக்கே விட்டுக்கொடுத்தார். அந்த நரேந்திரரே பின்னாளில் உலகறிந்த சுவாமி விவேகானந்தர்.

ஏனைய துறவியர் இமயத்திற்கும் காசிக்கும் தவப்பயணம் மேற்கொண்டனர். சசி மகராஜ் மட்டும் மடத்தை விட்டு அகலவில்லை. குருவின் திருவுருவப் படத்தை அவர் வெறும் படமாகக் கருதியதே இல்லை. விடியலில் எழுப்புதல், நீராட்டல், அமுது படைத்தல், வெம்மை மிகுந்த இரவுகளில் விசிறிகொண்டு வீசுதல் என, உயிரோடு இருக்கும் ஆசானுக்குச் செய்யும் பணிவிடை அனைத்தையும் அதற்குச் செய்தார். தியானத்தில் மூழ்கி உணவை மறந்த உடன்பிறவாத் துறவியரை எழுப்பி அழைத்து வந்து உண்ணச் செய்தவரும் அவரே. அதனால் மடத்தின் அன்னை என்றே மற்றவர்கள் அவரைப் போற்றினர்.

இவ்வாறு பதினோர் ஆண்டுகள் கழிந்தன. அவ்வாண்டுகளில் அவருக்குப் பெயரும் புகழும் கிடைக்கவில்லை. அவற்றை அவர் நாடவும் இல்லை.

தென்னகம் நோக்கிய பயணம்

1893ஆம் ஆண்டு சிகாகோ சர்வ சமயப் பேரவையில் முழங்கிய சுவாமி விவேகானந்தர், 1897ஆம் ஆண்டு தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். அவரை அமெரிக்காவுக்கு அனுப்பி வைப்பதற்கு வீடு வீடாகச் சென்று பொருள் திரட்டியவர்கள், திருவல்லிக்கேணியைச் சேர்ந்த அளசிங்கப் பெருமாளும் அவருடைய சென்னை நண்பர்களுமே ஆவர். சென்னையில் நிலையான மடம் ஒன்று அமைய வேண்டும், அதை நடத்தத் துறவி ஒருவர் வர வேண்டும் என்று அவ்வன்பர்கள் வேண்டினர். ஆசாரத்தில் அவர்களையே விஞ்சக்கூடிய ஒருவரை அனுப்புவதாக விவேகானந்தர் வாக்களித்தார். அவர் மனத்தில் இருந்தவர் சசி மகராஜ்.

ஆசாரம் மிக்கவர் என்பதற்காகச் சசி மகராஜ் ஆசாரத்தின் அடிமையாக இருந்தார் என்று கொள்ளலாகாது. ஒருமுறை விவேகானந்தர் அவரைச் சோதிக்கும் பொருட்டு, இசுலாமியர் கடையிலிருந்து ரொட்டி வாங்கி வருமாறு பணித்தார் என்பது அன்பர்கள் வழங்கிவரும் செய்தியாகும். அந்நாளைய அந்தணர் குலத்தவருக்கு அது எண்ணிப் பார்க்கவும் இயலாத செயல். சசி மகராஜோ ஒரு சொல்லும் பேசாமல், பட்டப்பகலில் சென்று அதனை வாங்கி வந்தார். ஆசாரம் அவருக்குத் தற்பெருமையன்று. இறைவனுக்குச் செய்யும் பணியின் ஓர் அங்கம் மட்டுமே.

பதினோர் ஆண்டுகள் பூசையறையை விட்டு நகராத அவர், தம் தலைவரின் கட்டளை வந்ததும் மறுமொழி கூறாமல் புறப்பட்டார். 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை வந்து சேர்ந்தார். அவர் அறியாத மொழி, பழகாத உணவு, முன்பின் காணாத மக்கள். கையில் பொருளும் இல்லை. அவரிடம் இருந்த செல்வம், தம் குருவின் திருவுருவமும் அவர்மீது கொண்ட நம்பிக்கையுமே.

ஐஸ் ஹவுஸ் துறவி

சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயருடைய வட்ட வடிவக் கட்டடம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1842ஆம் ஆண்டில் கட்டப்பட்டது அது. பின்னாளில் அது பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞருக்கு உரிமையாயிற்று. 1897ஆம் ஆண்டு விவேகானந்தர் சென்னையில் தங்கியதும் இங்கேதான். சசி மகராஜுக்கும் ஐயங்கார் அதே இல்லத்தில் இடமளித்தார். இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கப்படும் அக்கட்டடமே தென்னகத்து இராமகிருஷ்ண இயக்கத்தின் தொட்டில் எனலாம்.

அங்கே அவருக்கு ஏவலர் எவரும் இல்லை. பூசைக்கு வேண்டியவற்றைத் திரட்டுவதும், சமைப்பதும், அமுது படைப்பதும், துப்புரவு செய்வதும் பெரும்பாலும் அவருடைய கைகளாலேயே நடைபெற்றன. இவை முடிந்ததும் வகுப்புகளுக்குப் புறப்படுவார். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, புரசைவாக்கம் என நகரின் பல பகுதிகளில் கீதையும் உபநிடதமும் கற்பித்தார். ஒரு வாரத்தில் பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகள் நடந்த காலமும் உண்டு. பருத்த உடலினரான அவர், குலுங்கும் ஜட்கா வண்டியில் வெயிலிலும் மழையிலும் பயணம் செய்தார். களைத்துத் திரும்பிய பின்னரும் மாலைப் பூசையைத் தவறவிட்டதில்லை.

வகுப்பு முடிந்து வந்ததும் அவர் குருவின் திருமுன் சென்று விழுந்து வணங்குவார். பலர் கூடிக் கேட்க அறிவுரை பகர்ந்ததால் தம் உள்ளத்தில் தான் என்னும் செருக்கு முளைத்துவிடக் கூடாதே என்ற அச்சம் அவருக்கு எப்போதும் இருந்தது. பிறருக்கு உபதேசம் செய்கின்றவர் முதலில் அஞ்ச வேண்டியது தம் நாவுக்கே என்பதை அவர் அறிந்திருந்தார்.

வெற்று அறையில் ஒரு வகுப்பு

அவருடைய வாழ்வின் சாரத்தையெல்லாம் பிழிந்து தருவது போன்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு நாள் வழக்கம்போல் அவர் வகுப்பு நடத்தச் சென்றார். குறித்த நேரம் வந்தது. மாணவர் ஒருவரும் வரவில்லை. வேறொருவராயின் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, வந்த வண்டியிலேயே திரும்பியிருப்பார். அவரைக் குறை கூறுவாரும் இருந்திருக்க மாட்டார்.

சசி மகராஜ் தம் இடத்தில் அமர்ந்தார். அன்றைக்குரிய பாடத்தைத் தொடங்கினார். கேட்பவர் எவருமில்லாத அந்த அறையில், முழு நேரமும் பாடத்தைக் கூறி முடித்துவிட்டே எழுந்தார். பின்னர் இதுபற்றிக் கேட்டவர்களுக்கு அவர் தந்த விளக்கம் எளிமையானது. பிறருக்குக் கற்பிப்பதற்காகத் தாம் வரவில்லை என்றும், இப்பணி தாம் மேற்கொண்ட விரதம் என்றும், அந்த விரதத்தையே தாம் நிறைவேற்றியதாகவும் அவர் தெளிவுபடுத்தினார்.

ஆழ்ந்து நோக்கினால் இச்செயலின் பெருமை விளங்கும். வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணித் தொண்டு செய்கின்றவருக்கு, எண்ணிக்கை குறையும்போது ஊக்கமும் குறைகிறது. எண்ணிக்கை கூடும்போதோ செருக்கு கூடுகிறது. தம் கடமையை இறைவனிடம் செய்துகொண்ட உடன்படிக்கையாகக் கருதுபவருக்கு இவ்விரண்டு துன்பமும் இல்லை. நிறைந்த அவையும் வெற்று அறையும் அவருக்கு ஒன்றே. நாணயம் என்ற சொல்லுக்கு இதனினும் தெளிவான பொருள் காண்பது அரிது.

வறுமையிலும் வளையாத செம்மை

ஆதரவாளர்கள் சிலர் இருந்தும் மடத்தின் பொருள்நிலை எப்போதும் நெருக்கடியாகவே இருந்தது. குருவுக்குப் படைக்க ஒரு பிடி அரிசியும் இல்லாத நாள் ஒன்று வந்தது. அன்பர் எவரிடமேனும் சொல்லியனுப்பியிருந்தால் அடுத்த நாழிகையில் அரிசி வந்திருக்கும். ஆயினும் அவர் தம் குறையை மனிதரிடம் கூற விரும்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு குருவிடமே உரிமையுடன் முறையிட்டார். ஒன்றும் கிடைக்காவிடின் கடற்கரை மணலையே படைத்து, அதையே தாமும் உண்ணப்போவதாகச் சூளுரைத்தார். சற்று நேரத்தில் அன்பர் ஒருவர் மாவும் நெய்யும் பிற பொருள்களும் ஏந்தி வந்து கதவைத் தட்டினார் என்று அவர் வரலாறு கூறுகிறது.

பிலிகிரி ஐயங்கார் மறைந்த பின்னர், 1906ஆம் ஆண்டில் ஐஸ் ஹவுஸ் ஏலத்திற்கு வந்தது. அன்பர் ஒருவரே ஏலத்தில் எடுத்து மடத்திற்குத் தருவார் என்று பலர் எதிர்பார்த்தனர். அது கைகூடவில்லை. ஏலம் நடந்துகொண்டிருந்த வேளையில், வளாகத்தின் ஒரு புறத்தில் பழுதுபட்ட விசிப்பலகை ஒன்றில் சசி மகராஜ் அமைதியாக அமர்ந்திருந்தார். விலை ஏறுவதை ஓடிவந்து அறிவித்த அன்பரிடம், வீட்டை யார் வாங்கினால் என்ன, குருவை எழுந்தருளச் செய்ய ஒரு சிறிய அறை போதாதா என்ற கருத்தையே அவர் வெளியிட்டார். கட்டடம் பிறர் கைக்குச் சென்றதும், அதே வளாகத்தின் புறவீட்டுக்குக் குடிபெயர்ந்தார். பூசையும் வகுப்பும் ஒரு நாளும் நிற்கவில்லை.

பின்னர்க் கொண்டையா செட்டியார் என்னும் அன்பர் மயிலாப்பூரில் நிலம் வழங்கினார். அன்பர்கள் திரட்டிய நிதியில் சிறிய மடம் எழுந்தது. 1907ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சசி மகராஜ் அங்குக் குடிபுகுந்தார். கட்டுமானம் தரமாக அமையாததால் விரைவிலேயே சுவர்கள் விரிந்தன, கூரை ஒழுகியது. ஓர் இரவு பெருமழையில் நீர் குருவின் திருவுருவம் பள்ளிகொண்டிருந்த இடத்தின்மேல் சொட்டியபோது, பள்ளியெழுப்பி இடம் மாற்றவும் மனமின்றி, குடையைப் பிடித்தவாறு அவர் நின்றுகொண்டிருந்தார் என்பர். அந்த நள்ளிரவில் அவரைக் கண்டு பாராட்ட எவரும் இல்லை. ஆளில்லா அறையில் பாடம் சொன்ன அதே மனமே அன்று குடை பிடித்தது.

ஆதரவற்ற சிறுவர்களின் தந்தை

பூசையறையிலும் வகுப்பிலும் மட்டுமே அவர் கருணை அடங்கிவிடவில்லை. பெற்றோரை இழந்து தவித்த சிறுவர்கள் சிலரின் நிலை அவர் உள்ளத்தை உருக்கியது. அவர்களுக்கு உணவும் உறையுளும் கல்வியும் அளிக்க வேண்டும் என்ற எண்ணத்தில், 1905ஆம் ஆண்டு மயிலாப்பூரில் வாடகை வீடொன்றில் இராமகிருஷ்ணா மாணவர் இல்லம் தொடங்கப்பெற்றது. அவருடைய மாணவர்களான இராமசுவாமி ஐயங்காரும் இராமானுஜாசாரியும் அதன் பொறுப்பை ஏற்றுத் தம் வாழ்நாளையே அதற்கு அர்ப்பணித்தனர். 1921ஆம் ஆண்டில் அவ்வில்லத்திற்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏழை மாணவர்களை அது ஆளாக்கியுள்ளது. வகுப்புக்கு வந்த கூட்டத்தின் அளவைக் கொண்டு அவருடைய பணியை மதிப்பிட்டிருந்தால், அதன் பெருமை எவருக்கும் புலப்பட்டிராது. உருவான சில மாணவர்களின் தன்மையைக் கொண்டே அதனை அளக்க வேண்டும்.

தாம் வாழ வந்த மண்ணின் சமய மரபையும் அவர் போற்றினார். திருவல்லிக்கேணியின் அருகே வாழ்ந்த அவர், தென்னாட்டு வைணவப் பெரியாராகிய இராமானுசரின் வரலாற்றை ஆழ்ந்து கற்று, அதனைத் தம் தாய்மொழியாகிய வங்க மொழியில் நூலாக எழுதினார். போதிக்க வந்த இடத்தில் கற்றுக்கொள்ளவும் வேண்டும் என்ற பணிவு அவரிடம் இருந்தது.

அவர் குறையே இல்லாதவர் என்று கூறுவது பொருந்தாது. அவருக்குச் சினம் விரைவில் எழும். பூசையில் சிறு பிழை நேர்ந்தாலும், வகுப்பில் கவனம் சிதறினாலும் கடிந்து பேசுவார். சிலர் அதற்கு அஞ்சி விலகியதும் உண்டு. ஆயினும் அச்சினம் நீரில் எழுதிய எழுத்துப்போல் உடனே மறையும்; பின்னர் தாயன்பே எஞ்சும். பிறரிடம் எதிர்பார்த்த ஒழுங்கைத் தம்மிடமே முதலில் மிகுதியாக எதிர்பார்த்தவர் அவர். ஆதலால் அவர் கடிந்துரைத்தவை யாரையும் நெடுநாள் புண்படுத்தவில்லை.

நிறைவு

1911ஆம் ஆண்டு தொடக்கத்தில், அன்னை சாரதா தேவியாரைத் தென்னாட்டுத் தலப்பயணத்திற்கு அழைத்து வந்தமை அவர் வாழ்வின் பெரும்பேறாக அமைந்தது. அன்னையார் சென்னையிலும் மதுரையிலும் தங்கி இராமேசுவரம் சென்றார். இராமநாதசுவாமிக்கு அன்னையார் தம் திருக்கரத்தால் அருச்சிப்பதற்காக 108 பொன் வில்வ இலைகளைச் சசி மகராஜ் ஏற்பாடு செய்திருந்தார். தமக்கென ஒரு காசும் சேர்க்காத துறவி, இறைவனுக்கென்று வந்தபோது பொன்னையே மலராக்கினார்.

இடையறாத உழைப்பு அவருடைய உடலை ஏற்கனவே அரித்திருந்தது. நீரிழிவும் காசநோயும் பற்றின. சிகிச்சைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், தம் 48ஆம் வயதில் மகாசமாதி எய்தினார். சென்னையில் அவர் வாழ்ந்தது பதினான்கு ஆண்டுகளே. அவர் ஊன்றிய வித்து மட்டும் ஆலமரமாய்த் தழைத்தது. 1928ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரிலும் இராமகிருஷ்ணா மிஷனின் பணி நடைபெற்று வருவதை இவ்வட்டாரத்து இந்துக்கள் நன்கு அறிவர்.

திருவிழாக் காலங்களில் நம் ஆலயங்கள் மக்கள் வெள்ளத்தில் மிதக்கின்றன. கொடியேற்றம், தேரோட்டம், அன்னதானம் என எங்கும் ஆர்வமும் எழுச்சியும் பொங்குகின்றன. தொண்டு செய்ய முன்வரும் கரங்களுக்கும் அந்நாள்களில் குறைவில்லை. ஆயினும் திருவிழா முடிந்த மறுநாள் மண்டபத்தைக் கூட்டும் கரமும், உண்டியல் காணிக்கையை ஒரு காசு பிசகாமல் எண்ணிக் கணக்கில் ஏற்றும் கரமும், மழை பெய்யும் மாலையில் இரண்டே பிள்ளைகள் வந்தாலும் தேவார வகுப்பை முழு நேரமும் நடத்தும் நாவுமே ஆலயத்தை ஆண்டு முழுதும் தாங்கி நிற்கின்றன. அவற்றைப் படம் எடுப்பாரும் இல்லை. பொன்னாடை போர்த்துவாரும் இல்லை. அத்தகைய தொண்டர்கள் மனம் தளரும் வேளையில், கேட்பவர் இல்லாத அறையில் அமர்ந்து பாடம் சொன்ன வங்கத்துத் துறவியை ஒரு கணம் நினைவில் கொள்வார்களாக. கண்டு மெச்ச மனிதர் இல்லாத இடத்திலும் காண்பவன் ஒருவன் உளன் என்ற உறுதியே அவருக்குத் துணையாய் நின்றது. அவ்வுறுதி நம் தொண்டர் அனைவர் உள்ளத்திலும் நிலைபெற, எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.